பாட்டி வீட்டில் இல்லை

(உறவினர்கள் கூடும் நாளில் பாட்டியைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். தம்பி கையில் பேனா. அடித்துத் திருத்துகிற வேலை அக்காவுடையது.)

தம்பி: எழுதிவிட்டேன், கேள். "எந்நேரமும் எங்கள் வீட்டுக்கு விளக்காக இருந்த பாட்டி..."

அக்கா: வீட்டில் எப்போதடா இருந்தாள்?

தம்பி: ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே.

அக்கா: கேட்க வருகிற எல்லாரும் பாட்டியைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தவர்கள். சிரித்துவிடுவார்கள்.

தம்பி: சரி, அடித்துவிட்டேன். அடுத்தது. "கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாள்."

அக்கா: அவள் போனில் குயில் கூவுகிற ரிங்டோனை வைத்துக் கொடுத்தவன் பேசுகிற பேச்சா இது? நாம் கூப்பிடும்போதெல்லாம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி: ஒருமுறை எடுத்தாளே!

அக்கா: எடுத்து, "அப்புறம் பேசு, பக்கத்தில் ஒரு ஆண் குயில் கூவுகிறது" என்று வைத்துவிட்டாள்.

தம்பி: ஆண் என்று எப்படித் தெரியுமாம்?

அக்கா: கூ... கூ என்று ராகம் இழுப்பது கறுப்பாக இருக்கும் ஆண்தான். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். "பிள்ளை வளர்க்க ஆள் பிடித்துவிட்டு ஊர் சுற்றுகிறாள் பார், கெட்டிக்காரி" என்று பாட்டிக்கு அதன்மேல் தனி மரியாதை.

தம்பி: நம் அம்மாவை வளர்த்தது தாத்தாவின் அக்காதானே?

அக்கா: அதனால்தான் சொல்கிறேன்.

தம்பி: (அவசரமாகப் பக்கத்தைத் திருப்பி) "தாத்தாவின் சொல்லைத் தட்டாதவள்."

அக்கா: தட்ட மாட்டாள். எண்ணுவாள்.

தம்பி: என்னத்தை?

அக்கா: மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வாளே. இடி கேட்க மூன்று விநாடி ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம் என்று கணக்கு. தாத்தாவுக்கும் அதே கணக்குதான். முறைப்பு மின்னல், திட்டு இடி. அவர் முறைத்ததும் எண்ண ஆரம்பிப்பாள். ஒன்று சொல்வதற்குள் சத்தம் வந்துவிட்டால், "பக்கத்தில்தான், நகருங்கள்" என்று நமக்குச் சைகை காட்டுவாள்.

தம்பி: நிஜ மின்னலுக்காவது பயந்தாளா?

அக்கா: அதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. முதல் இடிக்கே எல்லாரையும் உள்ளே விரட்டுவாள். மரத்தடியில் ஒதுங்கினால் காதைத் திருகிவிடுவாள்.

தம்பி: என்னைக் குடையோடு வெயிலில் நிற்க வைத்ததும் அவள்தான். முந்தின ராத்திரி நிலாவைச் சுற்றி வட்டம். மேலே மெல்லிய மேகத்தில் பனித்துகள் இருந்தால் அப்படித் தெரியுமாம். "அகல் வட்டம் பகல் மழை, குடையை எடு" என்றாள். விடிந்தால் பொட்டு மேகம் இல்லை.

அக்கா: கேட்டாயா?

தம்பி: கேட்டேனே. "நிலா சொன்னதைச் சொன்னேன். மேகம் மனசு மாறினால் நான் என்னடா செய்ய?" என்றாள்.

அக்கா: இதை எழுது. விளக்கு, கிளக்கு எல்லாம் வேண்டாம்.

தம்பி: மொட்டை மாடியில் டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எழுதலாமா? கண்ணுக்கு இருட்டு பழகியது கெடக் கூடாதாம். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போனால் எழுந்து நின்று கையாட்டுவாள்.

அக்கா: 400 கிலோமீட்டர் உயரத்துக்கு!

தம்பி: "அவன் பார்க்கிறானோ இல்லையோ, போகிறவனுக்குக் கையாட்டுவது நம் மரியாதை" என்பாள். அதோடு விட்டாளா? "அவன் 90 நிமிடத்தில் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறான். நீ இன்னும் குளிக்கவில்லை" என்று என் பக்கம் திரும்பிவிடுவாள்.

அக்கா: முழங்கால் வலிக்குத் தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொன்னாரே, அந்த மனிதருக்கு விவரம் போதாது. மூன்று மணி நேரம் கழித்து வந்து, "அரை மணிதான் நடந்தேன், மிச்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்" என்றாள்.

தம்பி: அத்தானை அவள் சோதித்ததையும் சேர்த்துவிடவா?

அக்கா: சேர்க்காதே.

தம்பி: குளக்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்கார வைத்தாள். "பையன் அசையவே இல்லை, பக்கத்துக் கிளையில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. தைரியமாகக் கட்டிக்கொள்" என்று உன்னிடம் சொன்னாள்.

அக்கா: அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தம்பி: பாட்டிக்குத் தெரியாதா?

அக்கா: தெரியும். "குறட்டை இல்லை, அதையும் கவனித்தேன்" என்றாள். அதில் ஏமாந்துவிட்டாள்.

தம்பி: சரி, போட்டோ எது வைப்பது? எல்லாவற்றிலும் தாடைதான் தெரிகிறது, முகம் வானத்தில். என் பர்ஸில் இருக்கிறதே, இது ஒன்றில்தான் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அக்கா: இதை எடுத்தது யார்?

தம்பி: நான்தான். அதனால்தான் அந்தச் சிரிப்பு.

அக்கா: உன் தலையில் தட்டான் உட்கார்ந்திருந்தது.

தம்பி: அக்கா! இத்தனை வருடமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றல்லவா பர்ஸில் வைத்திருக்கிறேன்?

அக்கா: நீயே வைத்துக்கொள். தட்டானிடம் பர்ஸ் இல்லை.