‘ஜங்கிள் புக்’ மலைப்பாம்பு வில்லன் இல்லை

நெல்லை, பாளையங்கோட்டைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “1967-இல் வந்த டிஸ்னியின் ‘ஜங்கிள் புக்’, கதையை வரிக்கு வரி அப்படியே எடுத்த படம். பிள்ளைகளுக்கு அதுவே போதும், புத்தகம் வேண்டாம்.”

இது தவறு. படத்துக்கு மூலமான, ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் புத்தகம் 1894-இல் வந்தது. படத்தில், காட்டில் ஓநாய்களிடம் வளரும் சிறுவன் மோக்லியை விழுங்கப் பார்க்கும் மலைப்பாம்பு ‘கா’, புத்தகத்தில் அவனைக் காப்பாற்றுகிறது. குரங்குகள் அவனைத் தூக்கிப்போய்ப் பாழடைந்த நகரில் அடைத்துவைக்க, பளிங்குச் சுவரைத் தலையாலேயே முட்டி உடைப்பது அதுதான். அருமையான இடம், பிள்ளைகள் அதைத் தவறவிடவே கூடாது. அப்புறம், குரங்கு ராஜா லூயி புத்தகத்தில் கிடையவே கிடையாது. அங்கே குரங்குகளுக்குத் தலைவனே இல்லை.

மூலநூல், பழைய நூல்களைத் தரும் ‘ப்ராஜெக்ட் குட்டன்பர்க்’ இணையதளத்தில் இலவசம். அதில் ‘காவின் வேட்டை’ (Kaa’s Hunting) கதையைத் திறந்து பாருங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.