பிக்ஸ்எம்பிஆர் எல்லா கணினிக்கும் மருந்தல்ல

"விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மெனு வரவில்லை என்றால் லினக்ஸ் அழிந்துவிட்டது, பூட்ரெக் பிக்ஸ்எம்பிஆர் கொடுத்துவிட்டு லினக்ஸை மறுபடி நிறுவுங்கள்" என்று, ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். (கிரப் என்பது லினக்ஸின் பூட் லோடர், அதாவது கணினியை ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு அதைத் தொடங்கிவைக்கும் நிரல்; பூட்ரெக் பிக்ஸ்எம்பிஆர் என்பது பூட் பழுதைச் சரிசெய்ய விண்டோஸ் தரும் கட்டளை.) தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். மெனு வராததால் மட்டும் லினக்ஸ் அழிந்துவிட்டதாக ஆகாது.

அந்தக் கட்டளை டிஸ்கின் முதல் 512 பைட் செக்டரில் உள்ள பூட் கோடை (கணினியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலை) மட்டுமே மாற்றி எழுதும். யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் பூட் ஆகும் கணினி அந்தக் கோடைத் தொடுவதே இல்லை. அங்கே விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் பூட் லோடர்களும் பெரும்பாலும் ஒரே இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் கோப்புகளுக்கென டிஸ்கில் ஒதுக்கிய பகுதியில்), தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கும். அப்டேட் பல நேரம் செய்வது பூட் வரிசையில் விண்டோஸை முதலிடத்துக்குக் கொண்டுவருவதுதான். ஃபர்ம்வேர் அமைப்பில் (கணினியை ஆன் செய்யும்போது திறக்கக்கூடிய செட்டிங்ஸில்) போய் லினக்ஸை மேலே ஏற்றினால் போதும், இரண்டு நிமிட வேலை.

பட்டியலில் லினக்ஸே இல்லையா? லைவ் யூஎஸ்பியை (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென்டிரைவை) யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்து (இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்), லினக்ஸ் பார்ட்டிஷனையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்து, குரூட் (நிறுவியிருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக கிரப்பை மீண்டும் நிறுவுங்கள். உங்கள் கோப்புகளில் கை வைக்கவே தேவையில்லை.

யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் முறையில் பூட் ஆகும் பழைய கணினி என்றால் இன்னும் கவனம்: பிக்ஸ்எம்பிஆர் அங்கே நன்றாக இருக்கும் கிரப்பின் பூட் கோடையே அழித்துவிடும்.