வரைபடம் போடும் முன் எங்களைக் கேளுங்கள்

குடியிருக்கப் போகிறவர்களிடம் பேசிய பிறகே வீடமைப்புத் திட்டத்தை வடிவமைக்க வேண்டும் என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். கோலாலம்பூரில் பல ஆண்டுகளாக பிபிஆர் எனப்படும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு அடுக்குமாடியில் இருக்கிறோம். மூன்று அறை, மாத வாடகை 124 ரிங்கிட். பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா இறந்தபோது சவப்பெட்டி லிப்டுக்குள் நுழையவில்லை. 11ஆம் மாடியிலிருந்து ஆறு பேர் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைச் சாய்க்க வேண்டியிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கட்டும் முன் எங்களைப் போன்ற ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே!

இதே கோலாலம்பூரில் உள்ள புக்கிட் கியாராவைப் பாருங்கள். தோட்டப் பாட்டாளிகளின் குடும்பங்கள் 40 ஆண்டுகளாகத் தற்காலிக நீண்ட வரிசை வீடுகளில் நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தன. பக்கத்திலேயே தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்புப் பகுதி மக்கள் ரிம்பா கியாரா பூங்காவைக் காக்கப் போராடினார்கள். அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் இக்குடும்பங்களுக்கான வீடுகளோடு சொகுசு அடுக்குமாடிகளையும் கட்டவிருந்த திட்டத்தின் அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. பூங்காவா, ஏழைகளா என்று பலர் இதைப் பேசியது எனக்குச் சரியாகப் படவில்லை. இரு தரப்பையும் முதலிலேயே ஒன்றாக உட்கார வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், கலந்துரையாடலை வேலை நாள் காலையில் வைக்காதீர்கள். ஞாயிறு மாலை, அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலேயே, தமிழில் விளக்க ஒருவரோடு வையுங்கள். பாட்டிமார் வருவார்கள். மழை பெய்தால் எந்த நடைபாதை வழுக்கும், எந்த மூலையில் விளக்கு வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.