பெரியவங்ககிட்ட கேக்கும்போது அந்த ரூம்ல வேற யாரும் இருக்கக்கூடாது

வயசானவங்க ஒருத்தர் தனக்கு நடந்த பாலியல் கொடுமைய பத்தி "அவன் எம்மேல கை வச்சான்"னு சொன்னா, சுத்தி இருக்கவங்க வாய்ல மொதல்ல வர்றது "அவங்களுக்கு ஞாபகமே சரியில்லைங்க, ஏதோ உளறுறாங்க". கேட்டாலே பத்திக்கிட்டு வருது எனக்கு. டிமென்ஷியாங்கற மறதி நோய் இருந்தா தேதி மறக்கும் பேர் மறக்கும், ஆனா ஒரு ஆள் மேல வந்த பயம் உள்ளயே தங்கிடலாம். குளிப்பாட்டவோ டயப்பர் மாத்தவோ குறிப்பிட்ட ஒருத்தர் வந்தா மட்டும் கால இறுக்கிக்கிட்டு கத்துறாங்கன்னா, வேற வலியாக்கூட இருக்கலாம், ஆனா என்னன்னு பாக்காம விடவே கூடாது.

இதவிட மோசம், மகனையோ மருமகளையோ பாத்துக்கிற ஆளையோ பக்கத்துல வச்சுக்கிட்டே விசாரிக்கிறது. இந்தக் கொடுமைய பண்றது பல நேரம் வீட்டு ஆளு, பராமரிக்கிற ஆளு, கட்டின புருஷனாக்கூட இருக்கும். அந்த ஆள் முன்னாடியே "யாராச்சும் ஏதாச்சும் பண்ணாங்களாம்மா?"ன்னு கேட்டா அந்தம்மா என்னதான் சொல்வாங்க, நாளைக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கப்போறதும் பாத்ரூமுக்கு கைத்தாங்கலா கூட்டிட்டுப் போகப்போறதும் அந்த ஆள்தானே. காது கேக்காதுன்னா காது மெஷின மாட்டிவிடுங்க, பேட்டரி இருக்கான்னு பாருங்க, எதிர்ல உக்காந்து நிதானமா பேசுங்க. அதுக்காக பிள்ளைய நடுவுல பேச விடாதீங்க. சாயங்காலம் ஆனா குழம்பிப் போறவங்கள காலைலயே பாத்துடுங்க.

"அவர்தானே தொட்டாரு?"ன்னு பதில நாமளே ஊட்டிடக் கூடாது. "என்ன நடந்துச்சும்மா, சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு காத்திருக்கணும், அந்த அமைதி எவ்ளோ நேரம் நீண்டாலும் சரி. சொன்னத சொன்ன மாதிரியே எழுதிக்கணும். அதே கதைய டாக்டர் ஒருதடவ போலீஸ் ஒருதடவன்னு ஆளாளுக்கு முதல்லேருந்து சொல்ல வைக்கிறது கொடுமைக்கு மேல கொடுமை. அப்புறம் இது தாத்தாக்களுக்கும் நடக்குது, அவங்ககிட்ட யாரும் கேக்கறதே இல்ல.

சமீபத்துல நடந்துருக்குன்னா குளிப்பாட்டி சுத்தம் பண்ணிடாதீங்க, துணிய துவைக்காம பேப்பர் கவர்ல வைங்க, பிளாஸ்டிக் வேணாம், சீக்கிரமா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, சில நாள் தாண்டிட்டா உடம்புல தடயம் கிடைக்கிறது கஷ்டம். காயம் இல்லங்கறதால எதுவும் நடக்கலன்னு அர்த்தம் இல்ல. பரிசோதனை பண்ணலாமா, புகார் குடுக்கலாமான்னு அவங்ககிட்டயே கேளுங்க. வயசாயிட்டா குழந்தைன்னு நினைச்சு எல்லாத்தையும் நாமளே முடிவு பண்ணிடறோம், அவங்க உடம்பு விஷயத்துல ஏற்கனவே ஒருத்தன் அவங்க சம்மதத்த கேக்கல.