வேண்டாததைக் கழிப்பதன் பெயர் “கொடுப்பது” என்பதா?

பண்டிகைக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் மகனிடம் ஒரு பையை நீட்டி, "உனக்கு வேண்டாத பொம்மைகளை இதில் போடு, இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்" என்று சொல்வது எங்கள் வழக்கம். போன ஆண்டு அந்தப் பையைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். சக்கரம் கழன்ற கார், ஒற்றைக் கை பொம்மை, மூடி தொலைந்து காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனாக்கள். ஏழு வயதுப் பையனை என்ன சொல்வது? "வேண்டாத" என்ற சொல்லைச் சொன்னது நான்தானே.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம்" என்று அலுத்துக்கொள்கிறோம். பண்டிகை நெருங்கினால் பார்க்கிறவர்கள் எல்லாரும் பிள்ளையிடம் கேட்பது ஒரே கேள்வி: "உனக்கு என்ன வேண்டும்?" தாத்தா கேட்கிறார், அத்தை கேட்கிறாள், திரையைத் திறந்தால் விளம்பரம் கேட்கிறது. இத்தனை பேர் கேட்டால் பட்டியல் நீளாமல் என்ன செய்யும்? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களுக்கு 1980 முதலே தடை இருக்கிறது. அப்படியொரு சட்டம் இல்லாத இடத்தில் காவல் வேலை பெற்றோருடையது. விளம்பரம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இதை நமக்குக் காட்டுவதால் யாருக்கு லாபம்?" என்று கேட்டுப் பாருங்கள். என் மகன் இப்போது எனக்கு முன்பே கேட்டுவிடுகிறான். செய்தி வாசிப்பவரைப் பார்த்தும் கேட்கிறான் என்பது வேறு கதை.

கேட்டதெல்லாம் வந்து குவிந்தாலும் விளையாட்டு கூடுவதில்லை. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வொன்று 2018இல் வெளியானது. நடை பழகிய சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும், இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள்.

எனக்கு உறைத்தது வேறோர் ஆய்வு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து, அதில் ஒன்றை ஒரு கைப்பாவைக்குக் கொடுக்கச் செய்து, முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை அளந்தார்கள். 2012இல் வெளியான முடிவு இது: வாங்கும்போதைவிடக் கொடுக்கும்போது முகம் அதிகம் மலர்ந்தது. அதிலும், ஆய்வாளர் எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். நாமோ நம் பணத்தில் ஒரு பொருளை வாங்கி, பிள்ளையின் கையில் திணித்து, "கொடு, கொடு" என்று முதுகில் தட்டுகிறோம். பிறகு ஒரு புகைப்படம். வாங்கிக்கொள்ளும் பிள்ளையின் முகமும் அதில் பதிகிறதே, அதன் சம்மதத்தை யார் கேட்டோம்?

"கொடுத்தால் உனக்கு ஒன்று வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசுவதும் வேண்டாம். உதவி செய்ததற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் அடுத்தடுத்து உதவுவது குறைந்ததாக 2008இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. பரிசே பெறாத குழந்தைகள் அதே உற்சாகத்தோடு உதவிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆண்டு பையை நீட்டவில்லை. "உனக்குப் பிடித்ததில் யாருக்காவது எதையாவது கொடுக்கத் தோன்றுகிறதா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், தினமும் ஓட்டிக்கொண்டிருந்த ரயில் வண்டியைத் துடைத்து எடுத்துவந்தான். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனுக்காம். அவனுக்கு ரயில் என்றால் உயிராம்.

கொடுத்துவிட்டுத் துள்ளிக்கொண்டுதான் வந்தான். இரவு படுக்கையில் அழுதான். ரயில் வேண்டுமாம். அதேபோல் இன்னொன்று வாங்கிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். மனைவி அதைப் பிடுங்கிவைத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும் அவன் கேட்டது: "அவன் அதை இப்போது ஓட்டிக்கொண்டிருப்பானா அப்பா?"