ஆவாரை வேறு, பேயாவாரை வேறு

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக்கட்டு அன்று காலையில் காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆவாரம்பூ பறித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த அக்கா மகளுக்கு ஐந்து வயது. வாய்க்கால் ஓரத்துக் காய்களைப் பிளந்து, விதையெல்லாம் கொட்டாங்குச்சியில் போட்டுச் சோறாக்கியிருந்தாள். "மாமா, சோறு உண்ணுங்க" என்று நீட்டினாள். பார்த்ததும் பதறித் தட்டிவிட்டேன். அது பேயாவாரை, விதை நஞ்சு.

பூ இரண்டிலும் மஞ்சள்தான். இலையைப் பாருங்கள். ஆவாரைக்குச் சின்ன இலை, நுனி உருண்டிருக்கும், ஒரு ஈர்க்கில் எட்டுப் பத்து ஜோடி. ஈர்க்கு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி ஒரு குட்டி இலை இருக்கும். பேயாவாரைக்கு நாலைந்து ஜோடிதான், பெரிய இலை, கூர் நுனி. கசக்கினால் நாறும். காய் லேசாக வளைந்து, நடுவில் பழுப்பும் ஓரத்தில் வெளுப்புமாக இருக்கும்.

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் சின்னப் பிள்ளைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று வந்து சில நாளிலேயே இறந்தார்கள். வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்திருந்தார்கள். 2007இல் வந்த ஆய்வுதான் இந்த விதையைக் கைகாட்டியது. வேலூரில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜானும் அந்த ஆய்வில் இருந்தார். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் ஒருசேர அடிக்கிற நஞ்சு, முறிவு மருந்து கிடையாது. 2016இல் ஒடிசாவின் மல்கான்கிரியிலும் பிள்ளைகள் கொத்தாக இறந்தபோது இதே விதைமேலும் கை நீண்டது.

இதற்கு மருத்துவ குணம் இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, தோலில் வரும் படைக்கு இந்த இலையை அரைத்துப் பூசுவார். விதையைக் கருக வறுத்துக் காப்பி மாதிரி குடிக்கிற நாடுகளும் உண்டு, வறுத்தால் நஞ்சு குறையும். ஆனால் அம்மிச்சி செடியைத் தொட்டு, முகர்ந்து அறிந்தவர். வெளிப்பூச்சுக்கு மேல் போகவே மாட்டார். போன மாசம் எனக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் வீடியோவில் பேயாவாரைப் படத்தைப் போட்டு, 'ஆவாரம் விதைப் பொடி, சர்க்கரைக்கு நல்லது' என்கிறார்கள். இதைப் பார்த்து ஒருவர் பச்சை விதையை இடித்துக் குடித்தால் என்ன ஆவது? வயிறு எரிகிறது எனக்கு.

மாடு வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். பச்சையாக நிற்கும்போது நாற்றத்துக்கு மாடு வாய் வைக்காது. சோளத்தட்டோடு சேர்த்து அறுத்துக் காயவைத்தால் தின்றுவிடும். தசை கெட்டு, எழ முடியாமல் படுத்துவிடும்.

அன்றைக்கே வாய்க்கால் ஓரத்தில் இருந்ததையெல்லாம் வேரோடு பிடுங்கினோம். பிள்ளையிடம் ஒரு இலையைக் கசக்கிக் கொடுத்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு பாவாடையில் கையைத் துடைத்தாள். ரோட்டோரமெல்லாம் இன்னும் நிறைய நிற்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் இருப்பதையாவது காய் முற்றுவதற்குள் பிடுங்கிவிடுங்கள்.