கடலில் விழுந்த ட்ரோனும் நம்ம ஆட்களின் கணக்கும்

அந்த மீமை எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்! "32,000 கோடி கடலுக்குள்ள போச்சு." சிரித்தாகிவிட்டது, போதும். 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் விழுந்தது, கடற்படை 2020இல் குத்தகைக்கு எடுத்த 'சீ கார்டியன்' என்ற இரண்டு அமெரிக்கக் கண்காணிப்பு ட்ரோன்களில் ஒன்று. 32,000 கோடி என்பது அதற்கு அடுத்த மாதம் 31 ட்ரோன்களுக்குப் போட்ட ஒப்பந்தம். இரண்டையும் சேர்த்து எழுதினால் லைக் விழும், சரி.

ஆனால் விழுந்த ட்ரோனுக்குள் யார் இருந்தார்கள் என்று ஒருவராவது கேட்டீர்களா? யாரும் இல்லை. அதுதானய்யா விஷயம்!

2015 ஜூன் 8 ஞாபகம் இருக்கிறதா? இதே கடலில், இதே கண்காணிப்பு வேலைக்குச் சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் மூன்று பேரோடு காணாமல் போனது. ஒரு மாதத்துக்கு மேல் தேடித்தான் கடலடியில் கண்டுபிடித்தார்கள்.

இந்த ட்ரோன்கள் கிளம்புவது அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி விமான தளத்திலிருந்து. என் மாமனார் வீடு அந்தப் பக்கம்தான். மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டே கேட்டார்: "இதுல பைலட் எங்க மாப்ள உக்காந்திருப்பாரு?" தரையில், ஒரு அறையில் என்றேன். "அப்ப என்ன ஆனாலும் வீட்டுக்குச் சாப்பிட வந்துடுவாரு." அவருக்குப் புரிந்தது உங்களுக்கு ஏன் புரியவில்லை?

"அமெரிக்கக் கம்பெனிக்கு வக்காலத்தா?" என்கிறார் ஒரு நண்பர். நாமே செய்யலாம்தான். நம் நாட்டிலேயே உருவாக்கிய தபஸ் ட்ரோன் 24 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது இலக்கு, எட்டவில்லை. சீ கார்டியன் 30 மணி நேரத்துக்கும் மேல் பறக்கும். அதுவரை கடலை யார் பார்ப்பது, நீங்களா? விலை அதிகமாம். ஆமாம், அதிகம்தான். அடுத்தது?

"மீனவனுக்கு இதனால என்ன பிரயோஜனம்?" இதை என்னிடமா கேட்கிறீர்கள்? குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து நண்பன் ஒருவனின் சித்தப்பா ஒக்கி புயலின்போது மீன்பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. உடலும் இல்லை. 2017 டிசம்பரில் குழித்துறைத் தண்டவாளத்தில் உட்கார்ந்து, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி அழுத கூட்டத்தில் அவன் அம்மாவும் இருந்தார். அன்றைக்கு இந்த மீம் நிபுணர்கள் எங்கே போயிருந்தீர்கள்?

கேட்க ஆசையிருந்தால் இதைக் கேளுங்கள்: அடுத்த புயலில் ஆழ்கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால், அரக்கோணத்திலிருந்து இந்த ட்ரோனை எத்தனையாவது மணி நேரத்தில் கிளப்புவார்கள்? யார் உத்தரவு போட வேண்டும்? அதற்கு மீம் போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன்.